பன்னி வெய்லரின் 'பிளாக்ஹார்ட் மேன்' (1976): இன்னும் ஏன் பழசாகவில்லை?

#1 கார்வை

ஜமைக்காவின் ரெக்கே இசை என்று யாராவது வாயைத் திறந்தால் பேச்சு பாப் மார்லியில் தொடங்கி பாப் மார்லியிலேயே முடிந்துவிடுகிறது. அதனால் இந்த இழையை அவருடைய பழைய கூட்டாளிக்கு ஒதுக்குகிறேன்.

வெய்லர்ஸ் குழுவின் மூன்று மூலவர்களும் 1976ல் தனித்தனியே ஆல்பம் போட்டார்கள். மார்லி 'ரஸ்தமான் வைப்ரேஷன்', பீட்டர் டோஷ் 'லீகலைஸ் இட்', பன்னி வெய்லர் 'பிளாக்ஹார்ட் மேன்'. பின்னவர்கள் இருவருக்கும் அதுதான் முதல் தனி ஆல்பம். மூன்றில் காலத்தால் தேயாமல் நிற்பது பன்னியினுடையது என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் வரலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு: பன்னியின் இயற்பெயர் நெவில் லிவிங்ஸ்டன். 1947ல் கிங்ஸ்டனில் பிறந்தவர். நைன் மைல் என்ற மலைக்கிராமத்தில் சிறுவயதிலேயே மார்லிக்குத் தோழன். பன்னியின் அப்பாவும் மார்லியின் அம்மாவும் பிற்பாடு சேர்ந்து வாழ்ந்தார்கள், இருவருக்கும் பொதுவாக ஒரு தங்கை உண்டு. 1973ல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் முடிந்ததும் அடுத்த அமெரிக்கப் பயணத்துக்கு வரமாட்டேன் என்று விலகிவிட்டார். அவர் இடத்துக்குப் போனவர் ஜோ ஹிக்ஸ், கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்பான டிரெஞ்ச் டவுனில் இந்த மூவருக்கும் பாடக் கற்றுக்கொடுத்த அதே வாத்தியார். அதற்குப் பிறகு தன் சொந்த லேபிளான சாலமானிக்கில் சிங்கிள்களாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் கழித்து இந்தப் பத்துப் பாடல். ஜமைக்காவில் சாலமானிக், வெளிநாடுகளில் ஐலண்ட் நிறுவனம். தயாரிப்பாளரும் அவரே.

தலைப்பைப் புரிந்துகொள்ளாமல் உள்ளே போனால் பாதி போச்சு. 'பிளாக்ஹார்ட் மேன்' என்பவர் நம்ம ஊர்ப் பிள்ளை பிடிக்கிறவன். ஓடையோரம் போகாதே, அவன் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று ஜமைக்கா வீடுகளில் குழந்தைகளை மிரட்டுவார்கள். நடைமுறையில் அந்த மிரட்டல் யாரைக் காட்டியது என்றால், ஊருக்கு ஒதுக்குப்புறமாகச் சடைமுடியோடு வாழ்ந்த ரஸ்தாக்களை, அதாவது ரஸ்தஃபாரி சமயத்தவரை. பாட்டில் முதலில் எச்சரிக்கை வருகிறது. போகப்போகப் பாடுகிறவரே அந்த ஆள்தான் என்று தெரிகிறது. பயமுறுத்தப்பட்ட பையன் வளர்ந்து பூச்சாண்டியாகிவிட்டான். கோபமே இல்லாமல் இதைச் சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்கு இந்த ஆல்பம் தொடங்குகிறது.

#2 கடைசிப்பெட்டி

எதிர்க்கட்சி ஆஜர்.

முதல் பாட்டு ஆறு நிமிஷம், 'அமகிடியன்' ஆறே முக்கால், கடைசிப் பாட்டு 'திஸ் டிரெயின்' எட்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாம் ஒரே ஆமை நடை. பாதிக்கு மேல் வேதாகமப் பிரசங்கம். டோஷின் ஆல்பத்தில் ஒரு கடி இருக்கு, சண்டை இருக்கு. இதில் என்ன இருக்கு? வெய்லர்ஸ் என்ற பேர் இல்லாட்டி இதை யார் தேடியிருப்பாங்க? "மெதுவா இருக்கு, அதனால் ஆழமா இருக்கு" என்று மட்டும் யாரும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.

#3 ரிம்ஷாட்

கடைசிப்பெட்டி, மெதுவா இருக்கிறதாலே ஆழம்னு நான் சொல்ல மாட்டேன். மெதுவா வாசிக்கிறது கஷ்டம்னு சொல்வேன்.

ஒன் டிராப்ங்கிற தாளத்தை எடுத்துக்குங்க. ராக், சினிமாப் பாட்டு எல்லாத்துலயும் முதல் அடியிலே கிக் டிரம் (காலாலே மிதிச்சு அடிக்கிற பெரிய டிரம்) விழும். காது அங்கேயிருந்துதான் கணக்கை ஆரம்பிக்கும். ஒன் டிராப்லே முதல் அடி காலி. டிரம்மர் அதுலே ஹை-ஹாட்டை (மூடித் திறக்கிற ஜோடிச் சிம்பல்) தவிர ஒண்ணும் வைக்கமாட்டார். மூணாவது அடியிலே கிக்கும், ஸ்னேர் விளிம்புலே குச்சியைப் படுக்கவெச்சுத் தட்டுற கிராஸ் ஸ்டிக்கும் சேர்ந்து விழும். நம்ம பாஷையிலே சொன்னா சமத்தை விட்டுட்டு நடுவிலே இறங்குறது. சமம் எங்கேன்னு காது தேடிக்கிட்டே இருக்கும். அந்தத் தேடல்தான் உடம்பை ஆட்டுது.

இந்த ஆல்பத்துலே டிரம்ஸ் கார்ல்டன் பேரட். இந்தத் தாளத்தை உலகத்துக்கே காட்டினவர்னு சொல்லலாம். அவரோட ஹை-ஹாட்டை மட்டும் தனியாக் கேளுங்க. நாலு நாலாத் தட்டிக்கிட்டிருப்பார், திடீர்னு மும்மூணாப் பிரிப்பார், ஒரு திறப்பு, மறுபடி மூடல். கிக் அப்படியே நிக்கும், மேலே மட்டும் அலை மாதிரி. ஒரே நடைன்னு நீங்க சொல்றது கிக்கை மட்டும் கேட்டுட்டுச் சொல்றது.

#4 கடைசிப்பெட்டி

ஒரு சந்தேகம். டிராப் மூணாவது அடியிலே விழும்னு நீங்க சொல்றீங்க. யூட்யூப்பிலே பாடம் எடுக்கிற பாதிப் பேர் ரெண்டிலும் நாலிலும் விழும்னு சொல்றாங்க. எது சரி?

#5 ரிம்ஷாட்

ரெண்டும் சரி. எண்ணுற வேகம்தான் வேற. நிமிஷத்துக்கு 140ன்னு வேகமா எண்ணினா டிராப் மூணுலே, கிடார் வெட்டு (சுருக்கா ஒரே ஒரு மீட்டு) ரெண்டுலயும் நாலுலயும். அதையே 70ன்னு மெதுவா எண்ணினா டிராப் ரெண்டுலயும் நாலுலயும் விழும், கிடார் வெட்டு ஒவ்வொரு அடிக்கும் நடுப்பாதியிலே. பாட்டு மாறலை. நீங்க தொடையிலே போடுற தாளம்தான் மாறுது. குழுவிலே ஒத்திகைக்கு முன்னாடி இதைப் பேசி முடிவு பண்ணலைன்னா பேஸ் ஒரு கணக்கு, டிரம்ஸ் ஒரு கணக்குன்னு அரைமணி நேரம் வீணாப் போகும்.

பழகுறதுக்கு ஒரு வழி. மெட்ரோனோமை 70க்கு வைங்க. கால்லே ஒவ்வொரு சத்தத்துக்கும் மிதிங்க. வாயாலே ரெண்டாவது, நாலாவது மிதிக்கு "தும்" சொல்லுங்க, ஒவ்வொரு மிதிக்கும் நடுவிலே "ச்சக்" சொல்லுங்க. அஞ்சு நிமிஷம் தொடர்ந்து வேகம் ஏறாம இருந்தா அப்புறம் குச்சியை எடுங்க. புதுசா வாசிக்கிறவங்க பண்ற தப்பு எப்பவும் ஒண்ணுதான்: முதல் அடி காலியா இருக்கிறது தாங்காம ஒரு கிக்கைச் செருகிடுவாங்க. செருகின நிமிஷமே அது ராக் ஆயிடும். ரெண்டாவது தப்பு, டிராப்பை வேகமாப் போய்ப் பிடிக்கிறது. கொஞ்சம் பின்னாடி சாஞ்சு விழணும். மெட்ரோனோம் சத்தம் உங்க அடியிலே மறையக்கூடாது, ஒரு மயிரிழை முன்னாடி கேக்கணும்.

#6 நான்குகம்பி

ரிம்ஷாட் சொன்னதில் பேஸ் பக்கத்தையும் சேர்க்கவேண்டும்.

ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர்களாக இரண்டு பெரிய பெயர்கள் இருக்கின்றன. ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பேரட், ராபி ஷேக்ஸ்பியர். முன்னவர் கார்ல்டனின் அண்ணன். பின்னவர் பிற்பாடு ஸ்லை டன்பாரோடு ஜோடி சேர்ந்து பாதி ஜமைக்காவுக்கு வாசித்தவர். அப்படிப்பட்ட இருவர் இருந்தும் எங்கும் வித்தை காட்டவில்லை. நாலைந்து சுரம், அப்புறம் ஒரு கார்வை, மறுபடி அதே நாலைந்து சுரம். ரெக்கே பேஸில் எந்தச் சுரத்தை வாசிக்கிறீர்கள் என்பதைவிட எந்தச் சுரத்தை எங்கே வெட்டி நிறுத்துகிறீர்கள் என்பது முக்கியம். சுரம் முடியும் இடமும் தாளத்தின் பாகம்தான்.

இதைக் கையில் கொண்டுவர விரும்புகிறவர்களுக்கு: பழைய கம்பிகள் இருந்தால் மாற்றவேண்டாம், வாங்குவதானால் ஃபிளாட்வவுண்ட் (மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும் கம்பி). கிடாரில் இருக்கும் டோன் குமிழை முழுக்க மூடுங்கள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகுங்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சிலேயே ஒரு விரல் கனத்துக்கு வெட்டிக்கொண்டால் போதும். அதிகம் அழுத்திச் செருகினால் சுருதி கீழே இறங்கும், கம்பி டப் டப் என்று செத்த சத்தம் போடும். லேசாகத் தொட்டால் போதும். வலதுகை விரலை பிக்கப்புக்கு மேலே வைக்காமல் கழுத்து முடிகிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஆம்பில் 60 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை உள்ளதைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, 800க்கு மேலே உள்ளதை இறக்கிப் பாருங்கள்.

சின்ன அறையில் பேஸ் முழுக்க இரைச்சலாகக் கேட்கிறது என்று நிறையப் பேர் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் ஆம்பை மூலையில் வைத்ததுதான் காரணம். இரண்டு சுவரும் தரையும் சேரும் இடத்தில் பேஸ் சத்தம் பன்மடங்காகும். ஓரிரண்டு அடி முன்னால் இழுத்தாலே பாதி சரியாகும்.

#7 யாழ்_மெலோடிக்கா

கடைசிப்பெட்டி அண்ணைக்கு ஒரு பதில் இருக்கு. "வெய்லர்ஸ் எண்ட பேர் இல்லாட்டி" எண்டு கேட்டியள். ஆனா இந்த ஆல்பமே ஒரு வகையில வெய்லர்ஸ் ஆல்பம்தானே. மார்லியும் டோஷும் பின்னணிக் குரல் குடுத்திருக்கினம். டோஷ் கிடாரும் வாசிச்சிருக்கிறார். பேரட் சகோதரர், கீபோர்டுக்கு டைரோன் டௌனி, கிடாருக்கு ஏர்ல் 'சின்னா' ஸ்மித், புல்லாங்குழலுக்கு டாமி மெக்குக். டாமி மெக்குக் யாரெண்டு தெரியாத ஆக்களுக்கு: அறுபதுகளில ரெக்கேக்கு முந்தின ஸ்கா இசையைத் தூக்கி நிறுத்தின ஸ்கட்டலைட்ஸ் குழுவின்ர சாக்ஸஃபோன்காரர். அப்பிடிப்பட்ட மனுசனை சாக்ஸைக் கீழ வைச்சுப்போட்டு புல்லாங்குழலை எடுக்க வைச்சதுதான் பன்னியின்ர மூளை. மற்ற ரெண்டு பேரின்ர ஆல்பத்திலயும் உந்தக் காத்து இல்லை.

பாட்டுகளும் எல்லாம் 76ல பிறந்தது இல்லை. 'டிரீம்லாண்ட்' 1966லயே ஸ்டுடியோ ஒன்ல பதிவானது. அப்ப மார்லி அமெரிக்காவில வேலைக்குப் போயிருந்தவர், பன்னிதான் முன்னுக்கு நிண்டு பாடினவர். பிறகு தயாரிப்பாளர் லீ பெரியோட ஒருக்கா, இஞ்ச ஒருக்கா. 'ரீஇன்கார்னேட்டட் சோல்ஸ்' வெய்லர்ஸ் ஐலண்டுக்கு வந்த புதிசில பதிவான பாட்டு. 'திஸ் டிரெயின்' அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களில பாடின பழைய பாட்டு. ஆகவே இது முதல் ஆல்பம் எண்டாலும் பத்து வருசம் ஊறின ஊறுகாய். அவசரமா எழுதின பாட்டு ஒண்டும் இதில இல்லாததுக்கு அதுதான் காரணம் எண்டு நினைக்கிறன்.

ஒரு கதையும் சொல்லவேணும்: டிரீம்லாண்டை மார்ஷா கிரிஃபித்ஸ் எழுபதுகளின்ர கடைசியில பாடினதையும் கேளுங்கோ. அதே மெட்டு, பெண் குரலில இன்னொரு ஊர் மாதிரி இருக்கும்.

#8 கடைசிப்பெட்டி

குரல் அடுக்கு நல்லா இருக்குன்னு ஒத்துக்கிறேன், தோழர். ஆனா பிரசங்கம்னு சொன்னதுக்கு யாரும் பதில் சொல்லலை.

#9 கார்வை

பிரசங்கம் என்று ஏன் தோன்றுகிறது என்றால் ஊர் நிலவரத்தைப் பிரித்துவிட்டுக் கேட்பதால்.

1963 ஏப்ரலில் மாண்டிகோ பே அருகே கோரல் கார்டன்ஸில் ஒரு பெட்ரோல் பங்க் தாக்குதலும் கொலைகளும் நடந்தன. அதன் பிறகு போலீசும் ராணுவமும் கண்ணில் பட்ட ரஸ்தாக்களை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் அடித்தார்கள், சடையை வெட்டினார்கள். அதற்கு ஜமைக்கா அரசு மன்னிப்புக் கேட்டது 2017ல். 54 வருஷம் கழித்து! பிள்ளை பிடிக்கிறவன் பாட்டை எழுதியவர் அந்தக் காலத்தில் பதினாறு வயதுப் பையன்.

அடுத்து, 1967ல் பன்னி கஞ்சா வழக்கில் உள்ளே போய் ஒரு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார். வெய்லர்ஸ் பாடல்கள் சிலவற்றில் அவர் குரல் இல்லாமல் போனது அதனால்தான். இரண்டாவது பாட்டான 'ஃபைட்டிங் அகெய்ன்ஸ்ட் கன்விக்‌ஷன்' அந்தச் சிறைவாசத்திலிருந்து வந்தது. சிங்கிளாக வந்தபோது அதற்கு 'பேட்டரிங் டௌன் சென்டென்ஸ்' என்று பெயர். பழைய இசைத்தட்டுகளைத் தேடுகிறவர்கள் இரண்டும் வேறு பாட்டு என்று நினைத்து ஏமாறவேண்டாம்.

இங்கே ஒரு கொசுறு. கஞ்சா என்ற சொல்லே ஜமைக்காவுக்கு 1845 முதல் கப்பலேறிப் போன இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு போனது. நாம் சொல்வதும் அவர்கள் சொல்வதும் ஒரே சொல்தான்.

1975 ஆகஸ்டில் எத்தியோப்பியாவின் முன்னாள் பேரரசர் ஹைலே செலாசி இறந்த செய்தி வந்தது. ரஸ்தாக்களுக்கு அவர் கடவுள் என்பதால் அந்தச் செய்தியை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவர்களுக்குள்ளேயே கொந்தளிப்பு. 1976 ஜூனில் ஜமைக்காவில் நெருக்கடிநிலை. கட்சிக்காரர்கள் தெருவில் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். செப்டம்பரில் இந்த ஆல்பம். அந்த மாதத்தில் ஒருவர் 'அமகிடியன்' என்று உலகத்தின் கடைசிப் போரைப் பற்றி ஏறத்தாழ ஏழு நிமிஷம் பாடினால் அது பிரசங்கமா, செய்தி அறிக்கையா?

டோஷிடம் கடி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடி யாரைப் பார்த்து என்று தெரியாத தலைமுறைக்கு அது கொஞ்சம் மழுங்கும். பன்னி யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. ஒதுக்கப்பட்டவன் ஒதுக்குப்புறத்திலிருந்து பேசுகிறான், அவ்வளவுதான். அதற்கு ஊர் அடையாளம் தேவைப்படுவதில்லை.

#10 கடைசிப்பெட்டி

கோரல் கார்டன்ஸ் விஷயம் தெரியாது. முதல் பாட்டை அதை மனசில வெச்சு மறுபடி கேட்டேன். அது மேல இருந்த புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். 'திஸ் டிரெயின்' எட்டு நிமிஷம் ஓவர் என்கிறது அப்படியே இருக்கு.

#11 ஊசிமுனை

'திஸ் டிரெயின்' பற்றிப் புகார் சொல்கிறவர்களில் பலர் அதைத் தட்டில் கேட்டவர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஒரு இயந்திரக் காரணம் இருக்கிறது, பாட்டின் மேல் தப்பில்லை.

நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். முதல் பக்கம் ஏறத்தாழ 20 முக்கால் நிமிஷம். இரண்டாம் பக்கம் 25 நிமிஷத்தைத் தாண்டுகிறது. 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷம் வரை தாராளம். அதைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்டவேண்டும். பேஸ் அதிகமுள்ள இசைக்குப் பள்ளம் அகலமாக அசையும், இடம் கேட்கும். இடம் இல்லாதபோது வெட்டுகிறவர் ஒட்டுமொத்தச் சத்தத்தைக் குறைப்பார், அல்லது பேஸைக் குறைப்பார். அதனால் இரண்டாம் பக்கம் திருப்பியதும் சத்தம் குறைந்த மாதிரி தோன்றும். குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் சரி.

இன்னொன்று உள்வட்டம். தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் ஊசிக்குக் கீழே ஓடும் பள்ளத்தின் வேகம் ஒன்றல்ல. வெளிவிளிம்பில் நொடிக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல், லேபிளுக்குப் பக்கத்தில் நொடிக்கு 21 சென்டிமீட்டர் அளவு. பாதிக்கும் கீழே. அதே இசை பாதி நீளத்தில் திணிக்கப்படுகிறது. 'திஸ் டிரெயின்' வருவது சரியாக அந்த இடத்தில். 'ஸ்' சத்தங்கள் சீறும், குரல் கரகரக்கும், காதுக்குச் சலிப்புத் தட்டும். பாட்டு நீளம் என்று மனசு முடிவு கட்டிவிடும்.

தீர்வு இருக்கிறது. கார்ட்ரிட்ஜை (ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டி) சரியாகப் பொருத்துங்கள். பேர்வால்ட் என்ற பொருத்து முறையில் தட்டின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்கவேண்டும். இணையத்தில் கிடைக்கும் அளவுத்தாளை அச்செடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்செடுங்கள், பிறகு அடிக்கோலை வைத்துச் சரிபாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் சுருங்கினாலும் எல்லா உழைப்பும் வீண். ஊசி எடையை கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில் வையுங்கள். வரம்பு 1.5 முதல் 2 கிராம் என்றால் 1.8. எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. எடை குறைந்த ஊசி பள்ளத்துக்குள் துள்ளும், துள்ளும்போதுதான் சுவரைச் சுரண்டும். கோள முனை ஊசி வைத்திருப்பவர்கள் நீள்வட்ட முனைக்கு மாறினால் கடைசிப் பாட்டில் வித்தியாசம் உடனே தெரியும்.

#12 நான்குகம்பி

ஊசிமுனை சார், எந்தப் பிரதியை வாங்கலாம்? ஜமைக்கா சாலமானிக் பிரதிக்கு ஏகப்பட்ட விலை சொல்கிறார்கள்.

#13 ஊசிமுனை

கேட்பதற்கா, அலமாரியில் வைப்பதற்கா என்பதைப் பொறுத்தது.

அந்தக் காலத்து ஜமைக்கா அச்சுகளில் பொதுவாக மூன்று குறை வரும். பழைய தட்டுகளை உருக்கிச் சேர்த்த வினைல் என்பதால் பின்னணியில் மணல் கொட்டுகிற மாதிரி சத்தம். நடுத்துளை மையத்தில் இல்லாமல் சுருதி அலைவது. வளைவு. முதலாவதைக் கழுவினாலும் போகாது, பொருளிலேயே உள்ளது. இரண்டாவதை வாங்குமுன் பிடிக்கலாம்: தட்டைச் சுழலவிட்டு ஊசிக் கையைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கை உள்ளேயும் வெளியேயும் ஆடினால் துளை தப்பு. புல்லாங்குழல் வரும் இடத்தில் அந்த ஆட்டம் அழுகிற மாதிரி கேட்கும்.

கேட்பதற்கு என்றால் பிரிட்டன் ஐலண்ட் அச்சு, எண் ஐஎல்பிஎஸ் 9415. அமைதியான வினைல். உறை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, இரண்டாம் பக்கத்தின் கடைசி ஒரு அங்குலத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அங்கே மட்டும் சாம்பல் பூத்திருந்தால் முந்தைய சொந்தக்காரர் தேய்ந்த ஊசியால் ஓட்டியிருக்கிறார். விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். அந்தச் சேதம் திரும்பாது.

உள்வட்டத் தொல்லையே வேண்டாம் என்றால் சிடி. பெருமை பேசுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குச் சிடிதான் நியாயம் செய்கிறது.

#14 யாழ்_மெலோடிக்கா

இதோட சேத்து 1978ல வந்த 'டப்டிஸ்கோ' எண்ட டப் ஆல்பத்தையும் வாங்குங்கோ. இதில இருக்கிற சில பாட்டுகளின்ர டப் வடிவம் அதில இருக்கு. குரலை எடுத்துப்போட்டு பேஸையும் டிரம்ஸையும் தனியா விட்டிருக்கும். நான்குகம்பி அண்ணை சொன்ன கார்வை எல்லாம் அதில கண்ணாடி மாதிரித் தெரியும். பேஸ் பழகுற ஆக்கள் முதல் அதைக் கேட்டுப்போட்டுப் பிறகு மூலத்துக்கு வாறது சுகம்.

#15 கார்வை

கைப்பறைகளைப் பற்றி யாரும் பேசவில்லை. 'ரஸ்தமான்' போன்ற பாட்டில் டிரம்ஸ் செட்டுக்கு அடியில் இன்னொரு தாளம் ஓடுகிறது. பன்னி தாமே காங்கா, போங்கோ வாசித்திருக்கிறார். ரஸ்தாக்களின் நயாபிங்கி வழிபாட்டிலிருந்து வருவது அது.

அதில் மூன்று பறை. பெரியது பேஸ் பறை, துணி சுற்றிய கொட்டாப்புளியால் அடிப்பது. நான்கு அடிச் சுழற்சியில் முதல் அடி திறந்து முழங்கும், மூன்றாவது அமுக்கி விழும். நடுவில் ஃபுண்டே, இதயத்துடிப்பு மாதிரி இரட்டை இரட்டையாக, மாறாமல், அலங்காரமே இல்லாமல். மேலே கேட்டே அல்லது ரிப்பீட்டர், சின்னது, அதிகச் சுருதி, அது மட்டும்தான் மனம்போல் பேசலாம். நம்ம கோயில் வாசலில் நிற்கிறவர்களுக்கு இந்த வேலைப் பங்கீடு புதிதாக இருக்காது. ஒத்து நிற்காமல் நாயனம் எங்கே போகும்?

சேர்ந்து வாசிக்கிறவர்கள் எப்போதும் சறுக்குவது ஃபுண்டேயில். சலிப்பான வேலை என்று அதைக் கற்றுக்குட்டிக்குக் கொடுத்துவிட்டு, கெட்டிக்காரர் கேட்டேயை எடுத்துக்கொள்வார். மூன்றாவது நிமிஷத்தில் வேகம் ஏறி எல்லாம் சிதறும். தலைகீழாகக் கொடுங்கள்.

ஒன் டிராப்பில் முதல் அடி காலி என்றார் ரிம்ஷாட். நயாபிங்கியில் அதே முதல் அடியில்தான் பெரிய பறை முழங்குகிறது. இரண்டையும் ஒரே பாட்டில் போட்டால் டிரம்ஸ் விட்ட இடத்தைப் பறை நிரப்பும். இந்த ஆல்பத்தில் அந்த நிரப்பல் மிக மெல்லியதாக, பின்னால் வைத்து இருக்கிறது. உரக்க வைத்திருந்தால் இரண்டும் அடித்துக்கொண்டிருக்கும். என் கணக்கில் இது பழசாகாததற்கு இந்த அளவறிதல் பெரிய காரணம். எண்பதுகளில் வந்த ரெக்கே பலதை அதன் டிரம் மெஷினை வைத்தே வருஷம் சொல்லிவிடலாம். தோலுக்கும் மூங்கில் குழலுக்கும் வருஷம் கிடையாது.

#16 ரிம்ஷாட்

கார்வை, கடைசி வரியிலே கொஞ்சம் கவிதை பாடிட்டீங்க. டாமி மெக்குக் வாசிச்சது மூங்கில் குழல் இல்லை, உலோகப் புல்லாங்குழலா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் 😄 மத்தபடி ஒத்துக்கிறேன்.

#17 கார்வை

சரி சரி, மூங்கிலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தோல் நிற்கட்டும்.

#18 பச்சைமிளகா

இவ்வளவு நேரம் வாசிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன். இந்த ஆல்பத்தோட பாட்டு ஒண்ணைக் குழுவா எடுத்துப் பண்றோம்னு வைங்க. கிடாரும் ஆர்கனும் எப்பவும் ஒண்ணோட ஒண்ணு மோதுது. எப்படிப் பிரிக்கிறது?

#19 நான்குகம்பி

கிடாரிலிருந்து ஆரம்பிப்போம். ஆறு கம்பியையும் மீட்டுவதை முதலில் நிறுத்துங்கள். மெல்லிய கம்பிகள் மூன்று மட்டும், ஐந்தாவது ஃபிரெட்டுக்கு மேலே, விரலைப் படுக்கவைத்துப் பிடிக்கிற வடிவங்கள். மேல்நோக்கி மீட்டாமல் கீழ்நோக்கி ஒரே வெட்டு. வெட்டிய உடனே இடதுகை அழுத்தத்தை விடுங்கள், ஆனால் விரலைக் கம்பியிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தால் திறந்த கம்பி முனகும். நீங்கள் கேட்கிற 'ச்சக்' சத்தத்தில் பாதி அந்த விடுதல்தான். ஆம்பில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துவிடுங்கள், அது பேஸின் வீடு.

ஆர்கனுக்கு வலதுகை கிடாரோடு சேர்ந்து அடியின் நடுப்பாதியில் விழட்டும். இடதுகை அதற்கு முன் கால் அடியிலும் பின் கால் அடியிலும். வாயால் சொன்னால் ஒவ்வொரு அடிக்கும் மௌனம், இடது, வலது, இடது. இதைத்தான் பபிள் என்கிறார்கள். இடதுகை வலதைவிட ஒரு எண்மம் (ஆக்டேவ்) கீழே, சத்தம் குறைவாக. மோதல் வருவது பெரும்பாலும் ஆர்கன்காரர் கிடார் இருக்கும் அதே எண்மத்தில் வாசிப்பதால். ஒருவர் இறங்கவேண்டும், இறங்கவேண்டியவர் ஆர்கன்.

டிலே (எதிரொலிக் கருவி) போடுவதாக இருந்தால் கணக்குப் போட்டுப் போடுங்கள். 60,000ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு அடிக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். 70 என்ற வேகத்துக்கு 857. அரை அடி 429, முக்கால் அடி 643. முக்கால் அடியில் போட்டால் எதிரொலி கிடார் வெட்டின் மேல் விழாமல் இடையில் விழும். திரும்புதல் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். டப் ஆல்பம் கேட்டுவிட்டு வருகிறவர்கள் பாட்டு முழுக்க டிலேயைத் திறந்துவைத்துவிடுவார்கள், இரண்டாவது சரணத்தில் எல்லாம் சேறாகும்.

#20 பச்சைமிளகா

இடதுகையை ஒரு எண்மம் இறக்கினது வேலை செய்யுது. ஆனா 'டிரீம்லாண்ட்' எடுத்தா குரல் மூணும் ஒட்டமாட்டேங்குது. தனித்தனியாச் சுருதி சரியாத்தான் இருக்கு.

#21 யாழ்_மெலோடிக்கா

சுருதி சரியெண்டா உச்சரிப்பைப் பாருங்கோ. மூண்டு பேரும் ஒரே உயிரெழுத்தை வேற வேற வாய் அளவில பாடினா ஒட்டாது. 'ஆ'வுக்கு எவ்வளவு வாய் திறக்கிறது, சொல்லின்ர கடைசி மெய்யை எப்ப மூடுறது எண்டு முன்னுக்குப் பாடுற ஆள் தீர்மானிக்கவேணும், மற்ற ரெண்டு பேரும் அவரின்ர வாயைப் பாத்துப் பாடவேணும். மைக்கை ஆளுக்கொண்டாக் குடுக்காதேங்கோ. ஒரே மைக்கைச் சுத்தி அரைவட்டமா நிண்டு, சத்தம் கூடின ஆள் அரை அடி பின்னுக்குப் போங்கோ. கீழ்க்குரல் பாடுற ஆள் ஆரு?

#22 பச்சைமிளகா

பேஸ் வாசிக்கிறவர்தான் பாடுறார்.

#23 நான்குகம்பி

அங்கேதான் சிக்கல். பேஸ் ஒரு இடத்தில் நிற்கும்போது குரல் நகரும், குரல் நிற்கும்போது பேஸ் நகரும். இரண்டையும் ஒருவரே செய்தால் கார்வையை விழுங்கிவிடுவார். கீழ்க்குரலை கிடார்காரருக்கு மாற்றிப் பாருங்கள், வெட்டு ஒரே மாதிரி வருவதால் அவருக்குச் சுலபம்.